இசட்/ஓஎஸ்ஸில் டேட்டா செட் ஒதுக்குவது எப்படி?

விண்டோஸிலும் யூனிக்ஸிலும் கோப்பு என்பது வெறும் பைட்டுகளின் வரிசை. அதற்கான இடத்தை எழுத எழுத இயங்குதளமே தேடிக்கொள்ளும். ஐபிஎம் 1964-இல் அறிவித்த சிஸ்டம்/360 பெருங்கணினிக் குடும்பத்தின் வழிவந்த இயங்குதளமான இசட்/ஓஎஸ்ஸிலோ, டேட்டா செட் எனப்படும் கோப்பு பதிவுகளால் ஆனது. அதன் அமைப்பு, பதிவின் நீளம், வட்டில் வேண்டிய இடம் ஆகியவற்றைப் பெரும்பாலும் ஜேசிஎல் எனும் வேலைக் கட்டளை மொழியில் நாமே முன்கூட்டி எழுதித் தர வேண்டும்.

முதலில் அமைப்பைத் தீர்மானியுங்கள். தொடக்கத்திலிருந்து இறுதிவரை படிக்கப்படும் தரவுக்கு பிஎஸ் எனும் தொடர்வரிசை அமைப்பே போதும். வாடிக்கையாளர் எண் போன்ற ஒரு திறவுகோலைக் கொண்டு நேராகத் தேட வேண்டுமானால், ஐடிகேம்ஸ் எனும் பயன்பாட்டு நிரல் மூலம் விசாம் கேஎஸ்டிஎஸ் எனும் திறவுகோல்வரிசைக் கோப்பை உருவாக்குங்கள். நிரல் மூலங்களுக்கும் ஜேசிஎல்லுக்கும் உறுப்பினர்கள் எனப்படும் தனித்தனிப் பகுதிகளைக் கொண்ட நூலகம் வேண்டும்; அதற்குப் பழைய நூலக வகையான பிடிஎஸ்ஸைவிட புதிய வகையான பிடிஎஸ்இ நல்லது என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் பிடிஎஸ்ஸில் அழித்த உறுப்பினரின் இடம் ஐஇபிகாப்பி நிரலைக் கொண்டு சுருக்கும்வரை வீணாகவே கிடக்கும்.

அடுத்தது பிளாக் அளவு, அதாவது வட்டில் ஒரே தொகுதியாக எழுதப்படும் பதிவுகளின் மொத்த பைட் அளவு. அதிகக் கவனம் வேண்டிய இடம் இதுதான். ஐபிஎம்மின் 3390 வகை வட்டில், 80 பைட் பதிவுகளை ஒவ்வொன்றாக எழுதினால் ஒரு டிராக்கில் (வட்டின் ஒரு வளையத் தடத்தில்) 78 பதிவுகளே அடங்கும், ஏனெனில் பிளாக்குகளுக்கு இடையிலான இடைவெளியும் கட்டுப்பாட்டுத் தகவலும் மீதியை விழுங்கிவிடுகின்றன. அதே பதிவுகளை 27,920 பைட் பிளாக்குகளாகக் கட்டினால் டிராக்குக்கு இரண்டு பிளாக்குகள், அதாவது 698 பதிவுகள் அடங்கும். இந்தக் கணக்கைக் கையால் போடத் தேவையில்லை. பிளாக்சைஸ் மதிப்பை 0 எனக் கொடுத்தால் இசட்/ஓஎஸ் தானே பொருத்தமான அளவைத் தேர்ந்துகொள்ளும்.

டிராக்குகளின் தொகுதியான ஒரு சிலிண்டருக்கு 15 டிராக்குகள் என்பதால், மேற்கண்ட அளவில் ஒரு சிலிண்டர் 10,470 பதிவுகளைத் தாங்கும். ஒரு லட்சம் பதிவுகளுக்கு 10 சிலிண்டர்களை முதன்மை இடமாகவும், வளர்ச்சிக்கென 2 சிலிண்டர்களை இரண்டாம்நிலை இடமாகவும் கேளுங்கள். இரண்டாம்நிலையைக் குறிப்பிடாமல் விட்டு முதன்மை இடம் நிரம்பினால், வேலை எஸ்டி37 பிழையுடன் நின்றுவிடும். இரண்டாம்நிலை இருந்தும் வட்டில் இடம் தீர்ந்தாலோ, சாதாரண பிஎஸ்ஸுக்கு ஒரு வால்யூமில் (ஒரு வட்டில்) உள்ள 16 எக்ஸ்டென்ட் (தொடர்ச்சியான இடத்துண்டு) வரம்பு எட்டப்பட்டாலோ எஸ்பி37 வரும். மிகையாகக் கேட்ட இடத்தைத் திருப்பித் தர, ஸ்பேஸ் அளவுருவின் இறுதியில் ஆர்எல்எஸ்இ சேர்த்துவிடுங்கள்.

கோப்பின் நிலையைக் குறிக்கும் டிஸ்ப் அளவுருவில் நியூ, கேட்லாக், டெலீட் என மூன்றையும் வரிசையாகக் கொடுத்தால், வேலை வெற்றிபெறும்போது பெயர் கேட்லாக் எனும் கோப்புப் பட்டியலில் பதிவாகும். தோற்றால் அரைகுறைக் கோப்பு நீக்கப்படும். வேலை முடிந்ததும் ஐஎஸ்பிஎஃப் எனும் பட்டித்திரைக் கருவியின் 3.2 திரையில் டேட்டா செட்டின் பெயரைக் கொடுத்து, ஒதுக்கிய இடத்தில் எவ்வளவு பயன்பட்டது, எத்தனை எக்ஸ்டென்ட்டுகள் ஆயின என்பதைப் பார்த்து, அடுத்த ஓட்டத்துக்கு முன் எண்களைத் திருத்துங்கள்.