ஒத்தத் திறப்போட கார் வச்சிருக்கிறாக்களுக்கு

பாசிக்குடாக் கடல்ல கன தூரம் நடந்து போனாலும் தண்ணி இடுப்புக்கு மேல வராது எண்டு சொல்லுவாங்க, உண்மைதான், ஆனா கால்சட்டைப் பொக்கற் இடுப்புக்குக் கீழதானே கிடக்கு. அதுக்குள்ள என்ட வேகன் ஆர் திறப்பு கிடந்தத நான் மறந்தே போயிட்டன். ஒரு மணித்தியாலம் கழிச்சுக் கரைக்கு வந்து பட்டன அமத்தினா கார் கண்ணக்கூட சிமிட்டல்ல. மச்சான் ஒரு பக்கம் சிரிக்கிறார், புள்ளைகள் நனைஞ்ச உடுப்போட மணல்ல நிக்கிறாங்க, வீட்டுல மற்றத் திறப்பு இருக்கா எண்டு மனுசி கேக்கிறா, மற்றத் திறப்பு எண்டு ஒண்டு நம்மட்ட எப்பயுமே இருந்ததில்ல. அண்டைக்குப் பட்டதையும் மறுகா ரெண்டாவது திறப்புக்கு அலைஞ்சதையும் சேர்த்துத்தான் இத எழுதுறன்.

திறப்பு வேல செய்யல்ல எண்டா உடன கண்ணாடிய உடைக்கிற யோசனைக்குப் போகாதீங்க. ஸ்மார்ட் திறப்புல, அதான் கையில வச்சிருந்தாலே பட்டன அமத்தி ஸ்டார்ட் பண்ணுற திறப்புல, ஒரு ஓரத்தில சின்னக் கொளுக்கி மாதிரி இருக்கும், அதத் தள்ளிப் பிடிச்சு இழுத்தா உள்ளுக்கிருந்து ஒரு இரும்புத் திறப்பு வரும், அது டிரைவர் கதவுக்கு. சில கார்ல கதவு ஓட்டைய ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டு மறைச்சிருப்பான், தடவிப் பாருங்க. திறக்கக்குள்ள அலாரம் அடிச்சாலும் பயப்பிடாதீங்க, கார் ஸ்டார்ட் ஆனா அது நிண்டுரும். உள்ளுக்க ஏறி பிரேக்க அமத்திப் பிடிச்சிட்டு, திறப்ப ஸ்டார்ட் பட்டனோட ஒட்டிப் பிடிங்க. டொயோட்டா எண்டா லோகோ இருக்கிற பக்கம் பட்டனப் பாத்தபடி இருக்கணும், பீப் எண்டு சத்தம் வரும், வந்த உடன பட்டன அமத்துங்க. என்ட கார் மூண்டாவது தரம்தான் எடுபட்டுச்சு. மச்சான்ட சிரிப்பும் நிண்டுச்சு.

பற்றரி செத்து, உப்புத் தண்ணி குடிச்ச திறப்பு எப்பிடி ஸ்டார்ட் பண்ணிச்சு? இது விளங்கினா மற்றதெல்லாம் லேசு. திறப்பு எண்டு நாம சொல்றது மூண்டு சாமான். ஒண்டு இரும்பு, கதவுக்கு. ரெண்டாவது ரிமோட், தூர நிண்டு லொக் பண்ண, அதுக்குத்தான் பற்றரி தேவ. மூண்டாவது சிப், இதுக்குப் பற்றரியே தேவல்ல, ஸ்டார்ட் பட்டனுக்குப் பின்னால, பழைய கார் எண்டா திறப்பு போட்டுத் திருப்புற இடத்தச் சுத்தி, ஒரு கம்பிச் சுருள் இருக்கு, அதுதான் பக்கத்தில வாற சிப்புக்குக் கரண்ட் குடுத்து அதுட நம்பரக் கேக்கிற. நம்பர் பிழையா இருந்தா எஞ்சின் ஓடாது, ஓடினாலும் ரெண்டு செக்கன்ல நிண்டுரும், டாஷ்போர்டில திறப்புப் படம் போட்ட லைட் மினுங்கும். அதனாலதான் கடைத்தெருவில இரும்ப மட்டும் வெட்டி எடுத்த திறப்பு கதவத் திறக்கும், காரக் கொண்டு போகாது.

நனைஞ்ச திறப்புக்கு வைத்தியம் என்னெண்டா, முதல் வேலையா பற்றரியக் கழட்டுங்க, அஞ்சு நிமிசம் பிந்தினாலும் உப்பும் கரண்டும் சேர்ந்து போர்டத் தின்னத் தொடங்கிரும். மறுகா நல்ல தண்ணியில கழுவுங்க, ஓம், நனைஞ்சதத் திரும்ப நனைக்கத்தான் சொல்றன், உப்பு போகணுமே. பார்மசியில வாங்கின ஸ்பிரிட்டத் தொட்டு பழைய பல்லுத் தேய்க்கிற பிரஷ்ஷால மெதுவாத் தேச்சிட்டு, நிழல்ல ஃபேன் காத்தில ஒரு நாள் விடுங்க. அரிசிக்குள்ள புதைச்சா சரியாகிரும் எண்டு அக்கா சொன்னா, அரிசித் தூள்தான் பட்டனுக்குள்ள போகும். வெயில்லயும் வைக்காதீங்க, சித்திரை வெயிலுக்கு அந்தப் பிளாஸ்டிக் வளைஞ்சிரும். என்டது லொக் பட்டன் மட்டும் செத்து மிச்சம் பிழைச்சுச்சு.

கடலுக்குப் போகாமலே திறப்பு மக்கர் பண்ணினா பத்துக்கு எட்டுத்தரம் பற்றரிதான். பற்றரியில எழுதியிருக்கிற நம்பருக்கு அர்த்தம் இருக்கு, 2032 எண்டா 20 மில்லிமீற்றர் அகலம் 3.2 மில்லிமீற்றர் தடிப்பு, 2025 எண்டா அதே அகலம் ஆனா தடிப்பு 2.5, 1632 எண்டா 16 அகலம். எல்லாமே 3 வோல்ட்தான், அதுக்காக மாத்திப் போட ஏலாது, 2032 இருந்த இடத்தில 2025 போட்டா தொடுப்பு ஆடி ஆடி ஒரு நேரம் வேல செய்யும் ஒரு நேரம் செய்யாது. பழசக் கழட்டிக் கையில கொண்டு போய் அதே நம்பரக் கேளுங்க. ரீவிக்குப் பக்கத்தில, கம்பியூட்டருக்குப் பக்கத்தில திறப்ப வைக்கிற பழக்கம் இருந்தா பற்றரி கெதியா முடியும். கழட்டின பற்றரிய மேசையில போட்டு வைக்காதீங்க, சின்னப் புள்ள விழுங்கினா தொண்டைய எரிச்சிரும், பகிடி இல்ல, உடன ஆஸ்பத்திரிதான். இன்னொண்டு, காருக்குள்ள ரூம் லைட்டும் மங்கலா எரிஞ்சா குற்றம் திறப்புல இல்ல, கார்ட 12 வோல்ட் பற்றரியில. ஹைபிரிட்காரர் கனபேர் இதில ஏமாறுறாங்க, பெரிய பற்றரி நல்லா இருக்கே எண்டு.

இனி ரெண்டாவது திறப்பு. நம்மட பக்கம் ஓடுற அக்குவா, விட்ஸ், வேகன் ஆர், ஃபிட் எல்லாம் ஜப்பான்ல பாவிச்சு ஏலத்தில போய் வந்தது, கனதுக்கு ஒரே திறப்போடதான் வந்திருக்கு. 2020 மார்ச்சில இலங்கைக்கு வாகன இறக்குமதிய நிப்பாட்டினது, தனியார் வாகனத்துக்குத் திரும்ப விட்டது 2025 பெப்ரவரியில, அந்த அஞ்சு வருசமும் இருக்கிற காரத்தான் கை மாத்தி மாத்தி ஓடினம், அந்த ஒத்தத் திறப்பும் பட்டன் ரப்பர் கிழிஞ்சு கை மாறிக்கொண்டே இருக்கு.

ஒன்லைன்ல பாத்தா அச்சு அசலா அதே திறப்பு மலிவாக் கிடக்கும், நானும் சல்லியக் குடுத்து ஒண்டு எடுத்தன், புரோகிராமே ஆகல்ல, அதாவது கார்ல பதியல்ல. ஏனெண்டா ஜப்பானுக்குள்ள ஓட எண்டு செஞ்ச கார்கள்ட ரிமோட் பெரும்பாலும் 312 தொடக்கம் 315 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்குள்ள பேசும், இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் செய்றது 433. வெளிய ஒரே முகம், உள்ளுக்க பாஷ வேற. அதனால உங்கட பழைய திறப்பத் திறந்து போர்டில அச்சடிச்சிருக்கிற நம்பரப் போட்டோ எடுத்து வச்சுக்கொள்ளுங்க, அந்த நம்பரும் மெகாஹேர்ட்ஸும் சிப்பும் ஒத்து வந்தாத்தான் வாங்குங்க. இன்னொரு கார்ல பாவிச்ச டொயோட்டா ஸ்மார்ட் திறப்ப அப்பிடியே உங்கட காருக்குப் போட ஏலாது, அது பழைய காரோட கட்டுப்பட்டிருக்கும், முதல்ல அழிச்சுப் புதுசாக்கணும். கூடு மட்டும் உடைஞ்சா கூட்ட மட்டும் வாங்கி உள்ளுக்க இருக்கிறத மாத்துங்க, ஆனா சில திறப்புல சிப் தனியா ஒரு கறுப்புக் கட்டி மாதிரி, அரைப் பயறு அளவில, கூட்டோட ஒட்டிக் கிடக்கும், அதக் கவனிக்காமக் குப்பையில எறிஞ்சாக்கள் இருக்காங்க.

புரோகிராம் பண்ண ஆளப் பிடிக்கிறதுதான் பெரிய வேல. காத்தான்குடி, கல்முனைப் பக்கம் திறப்பு வெட்டுறாக்கள் இருக்காங்க, ஆனா சிப்புக்கு மெஷின் எல்லார்ட்டயும் இல்ல, போன்ல மொடலும் வருசமும் சொல்லிக் கேட்டிட்டுப் போங்க, இல்லாட்டி கார்ச் சாமான் கடைகள் இருக்கிற கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் பஸ் ஏற வேண்டி வரும். என்டத திறப்பு வெட்டுற ஒரு காக்காதான் வீட்டுக்கே வந்து செஞ்சு தந்தார். வந்த உடன கார்ட பதிவுப் புத்தகத்தையும் என்ட அடையாள அட்டையையும் கேட்டார், கேக்காத ஆள்ட்டச் செய்யாதீங்க, உங்களுக்குச் செஞ்ச மாதிரியே கள்ளனுக்கும் செஞ்சு குடுப்பான். ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கிற ஓபிடி சொக்கற்றில, கார்ட கம்பியூட்டரோட பேசுற இடம் அது, மெஷினக் கொழுவி, இருக்கிற திறப்பக் காட்டி, புதுசக் காட்டி, பதினஞ்சு நிமிசத்தில முடிஞ்சுது. அந்த நேரம் ஏசி, லைட் எல்லாம் நிப்பாட்டியிருக்கணும், கார் பற்றரி நல்லா இருக்கணும், நடுவில வோல்ட் விழுந்தா இருந்த திறப்பும் போயிரும்.

முடிஞ்சாப் பிறகு மெஷின்ல எத்தின திறப்பு பதிஞ்சிருக்கு எண்டு காட்டச் சொல்லுங்க. என்டதில மூண்டு எண்டு காட்டிச்சு, என்ட கையில ரெண்டு. மற்றது ஜப்பான்ல கிடக்கோ முந்தி வச்சிருந்த ஆள்ட்டக் கிடக்கோ ஆருக்குத் தெரியும், எல்லாத்தையும் அழிச்சிட்டு கையில இருந்த ரெண்டையும் மட்டும் திரும்பப் பதிஞ்சம். திறப்பு தொலைஞ்சாலும் களவு போனாலும் இதத்தான் செய்யணும், அதோட பொலிஸ்ல ஒரு என்ட்ரியும் போடுங்க. அழிச்ச திறப்பு காரக் கொண்டு போகாது, ஆனா அதுட இரும்பு கதவத் திறக்கும் எண்டத மறந்திராதீங்க, லப்டொப்ப சீற்றில விட்டிட்டுப் போகாதீங்க.

இருந்த எல்லாத் திறப்பும் தொலைஞ்சா கத வேற. பழைய சிப் திறப்பு டொயோட்டா எண்டா மெஷினக் கொழுவி இமொபிலைசர, அதான் சிப் நம்பரப் பாக்கிற பெட்டிய, ரீசெட் பண்ணி 16 நிமிசம் காத்திருந்தாச் சரி, நிசான் எண்டா PIN எண்ட இரகசிய நம்பர் வேணும், சில ஸ்மார்ட் திறப்புக் கார்ல அந்தப் பெட்டியையே கழட்டி மேசையில வச்சு வேல செய்யணும், காரும் நடு ரோட்டில நிக்கும். இருக்கிற திறப்பக் காட்டிப் புதுசு பதியிறதும் இதுவும் சல்லியில மலையும் மடுவும்.

புதுத் திறப்பக் கையில வாங்கினா ஆளப் போக விடாம எல்லாத்தையும் பாருங்க, லொக், அன்லொக், ஸ்டார்ட், இரும்பக் கதவில போட்டுத் திருப்பி, பற்றரியக் கழட்டிட்டு பட்டனோட ஒட்டிப் பிடிச்சும் ஒருக்கா. ரெண்டையும் ஒரே வளையத்தில கோக்காதீங்க. என்ட மற்றது களுவாஞ்சிக்குடியில அக்கா வீட்டு லாச்சியில கிடக்கு, மாசம் ஒருக்காப் போகக்குள்ள அதாலதான் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கிற. போன கிழமை போனா அரிசி டின்னுக்குள்ள போட்டு வச்சிருக்கா.