ஹோலோகிராம் போட்டியில் விளக்கை மாற்றினோம்

முதல் வருடம் எல்லா ஹோலோகிராம் தகடுகளையும் (லேசரால் முப்பரிமாண உருவம் பதிந்தவை) ஒரே சுவரில், டியூப்லைட்டுக்குக் கீழே மாட்டினோம். எல்லோருக்கும் ஒரே வெளிச்சம், அதுதான் நியாயம் என்று நினைத்தேன். ஒரு பையன் சங்கைப் பதிவு செய்திருந்தான். உருவம் தகட்டுக்கு மூன்று அங்குலம் பின்னால் நிற்க வேண்டும். அங்கே வெறும் பச்சைப் புகைதான் தெரிந்தது. உருவம் தகட்டை ஒட்டியே நிற்கும் ஒரு நாணயத் தகடு பளிச்சென்று தெரிந்து பரிசு வாங்கியது.

பிழை எங்களுடையது. டியூப்லைட் நீளமானது. அதன் ஒவ்வொரு புள்ளியும் உருவத்தைச் சற்றே விலகிய இடத்தில் காட்டும். உருவம் தகட்டிலிருந்து தள்ளிப் போகப் போக மங்கல் கூடும். அதாவது, ஆழமாகப் பதிவு செய்தவனுக்குத்தான் தண்டனை.

அடுத்த வருடம் ஒவ்வொரு தகட்டுக்கும் தனியாக ஒரு சிறு ஹாலோஜன் விளக்கு வைத்தோம். எந்தக் கோணம், எவ்வளவு தூரம் என்பதைப் போட்டியாளரே சீட்டில் எழுதித் தர வேண்டும். லேசர் ஒளியில் பார்க்க வேண்டியவற்றைத் தனிப் பிரிவாக்கினோம். சாதாரண வெள்ளை ஒளியில் பார்க்கும் தகட்டோடு அவற்றை ஒப்பிடவே கூடாது. அளவு 4க்கு 5 அங்குலத்துக்குள். பெயர்களை மறைத்தோம். தன் மாணவரின் தகட்டுக்கு நடுவர் மதிப்பெண் போடக்கூடாது. பேசிக்கொள்ளும் முன்பே மூவரும் மதிப்பெண் தாளைக் கொடுத்துவிட வேண்டும். நடுவர்களுக்கு இது பிடிக்கவில்லை, நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அதே சங்கை அவன் மறுபடி கொண்டுவந்தான். 45 டிகிரியில் விளக்கைத் திருப்பியதும் அதன் வரிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.