ஆயிலோட சேத்து அந்த சின்ன பாட்டிலையும் ஊத்துறதுக்கு முன்னாடி

மதுரையில வண்டிக்கு ஆயில் வாங்கப் போனா சில கடையில கூடவே ஆயில்ல கலக்குற மருந்துன்னு (அடிட்டிவ்) ஒரு சின்ன பாட்டிலையும் எடுத்து வைப்பாங்க, "இதையும் ஊத்துங்கண்ணே, உராய்வு கொறையும், மைலேஜ் ஏறும்"னு. பைக் வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு வாங்காதீங்க. காரணத்த சொல்றேன்.

முதல் தப்பு, ஆயில் டப்பாவுல வெறும் எண்ணெய்தான் இருக்குன்னு நெனைக்கிறது. அதுல பத்துல ஒரு பங்கு, சிலதுல அதுக்கும் மேலயே அடிட்டிவ்தான். தேய்மானத்தத் தடுக்க சிங்க்கும் பாஸ்பரஸும் கலந்த இசட்டிடிபி, கசடு புடிக்காம இருக்க டிடர்ஜென்ட், நுரை வராம இருக்க ஒண்ணு, பல ஆயில்ல உராய்வு கொறைக்கிற மாலிப்டினமும் இருக்கும். மாலிப்டினம் நெசமாவே வேலை செய்யிற பொருள்தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா இதுல பலதும் ஒரே உலோகப் பரப்புல போய் ஒட்டித்தான் வேலை செய்யணும், அதுக்கு ஒண்ணுக்கொண்ணு போட்டி, அந்த அளவ கம்பெனிக்காரன் டெஸ்ட் பண்ணிப் பாத்து வச்சிருக்கான், நாம மேல இன்னொண்ண ஊத்துனா தேய்மானத்தத் தடுக்குறதுக்கு ஒட்ட இடம் கொறஞ்சு போகலாம். பாஸ்பரஸ் கூடிப்போனா சைலன்சர்ல புகையோட நச்ச கொறைக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கெடும், பிஎஸ்6 வண்டிக்காரங்க இத கவனிக்கணும்.

பைக்ல இதவிட பெரிய சிக்கல் கிளட்ச். பெரும்பாலான கியர் பைக்ல இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூணுக்கும் ஒரே ஆயில்தான், கிளட்ச் பிளேட் அந்த ஆயில்லயே ஊறிக்கிட்டுதான் இருக்கும். பிளேட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவுல உராய்வு இருந்தாத்தான் வண்டி இழுக்கும், அந்த உராய்வையே கொறைக்கிறேன்னு ஒரு மருந்த ஊத்துனா என்ன ஆகும்? ஊருக்குள்ள ஓட்டுறப்ப ஒண்ணும் தெரியாது. வத்தலக்குண்டு தாண்டி காட்ரோட்டுல இருந்து ரெண்டு பேரா கொடைக்கானல் ஏறிப் பாருங்க, ஆக்சிலேட்டர முறுக்க முறுக்க சத்தம் மட்டும் ஏறும், வண்டி ஏறாது, கொஞ்ச நேரத்துல கருகுன வாடை வரும். இதுக்குத்தான் டப்பாவுல ஜாஸோ எம்ஏ, எம்ஏ2ன்னு ஜப்பான்காரங்க தரக்குறியீடு போட்டிருப்பாங்க, ஈர கிளட்ச் வழுக்காதுங்கறதுக்கு அடையாளம் அது. எம்பி போட்டது ஸ்கூட்டிக்கு, அதுல கிளட்ச் ஆயிலுக்குள்ள இல்ல.

அடுத்தது, இந்த மருந்த விக்கிறவங்க காட்டுற டெமோ மெஷின். சுத்துற வளையத்துல ஒரு பேரிங்க வச்சு அமுக்குவாங்க, சாதா ஆயில்ல சிக்கி நிக்கும், மருந்து ஊத்துனா நிக்காம ஓடும். பாக்க அசத்தலாத்தான் இருக்கும், ஆனா இன்ஜினுக்குள்ள இருக்க கிராங்க் பேரிங் ஓடுறப்ப ஆயில் படலத்து மேல மிதந்துதான் சுத்துது, அப்படி இரும்போட இரும்பு அமுங்குறதில்ல. இந்த மெஷின்ல குளோரின் கலந்த மருந்து சுலபமா ஜெயிக்கும், அதே குளோரின் சூட்டுலயும் ஈரத்துலயும் ஆசிட் ஆகி பேரிங்க அரிக்கவும் செய்யலாம். அமெரிக்காவுல டெஃப்லான் தூள் கலந்து வித்த ஸ்லிக் 50 மேல, விளம்பரத்துல சொன்னதுக்கு ஆதாரம் இல்லன்னு 1996ல ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்துச்சு, 1997ல கம்பெனி சமரசத்துக்கு வந்துச்சு.

"ஊத்துனதும் ஸ்மூத்தா இருக்கே"ன்னு கேப்பீங்க. பழைய ஆயில எறக்கிட்டு புதுசோட சேத்துத்தான ஊத்துனீங்க, புது ஆயில் மட்டும் ஊத்துனாலும் அப்படித்தான் இருக்கும். இத நம்பி ஆயில் மாத்துறத தள்ளிப் போடுறதுதான் எல்லாத்தவிட மோசம், அடிட்டிவ் ஊத்துனதால பழைய ஆயில்ல இருக்க அழுக்கு எங்கிட்டும் போயிராது. நீலப்புகை வர்ற வண்டிக்கு கெட்டியான மருந்த ஊத்தி புகைய அமுக்குறாங்க, தேஞ்ச ரிங்கும் வால்வ் சீலும் தேஞ்சபடியேதான் இருக்கும், பழைய வண்டி வாங்குறவங்க ஜாக்கிரதை. அளவும் முக்கியம், 100 சிசி வண்டிக்கு ஒரு லிட்டர் சுமாருக்குத்தான் ஆயில் புடிக்கும், 100 மில்லி கூட ஊத்துனா அதுவே பத்து சதவீதம் அதிகம்.

ஏற்கனவே ஊத்தியிருந்தா பயப்படாதீங்க. இன்ஜின் வெதுவெதுப்பா இருக்கப்ப டிரெய்ன் போல்ட்ட கழட்டி முழுசா எறக்கிட்டு, மேனுவல்ல போட்டிருக்க கிரேடுல ஜாஸோ எம்ஏ2 ஆயில் ஊத்தி கொஞ்ச நாள் ஓட்டுங்க. அதுக்கப்பறமும் மேட்டுல வழுக்குச்சுன்னா கிளட்ச் கேபிள் ஃப்ரீ பிளேய, அதாவது லிவர் லூசா ஆடுற அளவ, மொதல்ல பாக்கச் சொல்லுங்க, அது சரியா இருந்தா மட்டும் கிளட்ச் பிளேட் மாத்துங்க.