ஓட்டைப் பிரித்துப் பார்க்காமல் எஸ்டிமேட் போடாதீர்கள்

புரட்டாசி முதல் வாரம் கல்லிடைக்குறிச்சியில் என் மாமா வீட்டுக்குக் கூரை வேலை எடுக்கும் இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். பழைய ஓட்டு வீடு. கூரையை மாற்ற எவ்வளவு ஆகும் என்று மாமா கேட்டிருந்தார். தார்சாவில், அதாவது முன் தாழ்வாரத்தில், நின்று அண்ணாந்து பார்த்தார்கள், பட்டாசல் என்ற கூடத்தில் டேப் பிடித்தார்கள், ஒருவர் செல்போனில் பெருக்கினார். கால் மணி நேரத்தில் ஒரு தொகை சொல்லிவிட்டார்கள். ஏணி இருக்கிறதா என்று கேட்கவே இல்லை.

இருபது வருஷத்துக்கு முன்னால், இதே தொழிலில் இறங்கிய புதிதில், நானும் இப்படித்தான் செய்தேன். அதனால் யாருக்கு என்ன ஆனது என்பதைக் கீழே சொல்கிறேன். டேப்பை இழுத்துப் பிடி, கூட்டலைச் சரிபார் என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. அது யாருக்கும் தெரியும்.

தரையை அளந்து கூரைக்கு விலை சொல்வது

வீட்டின் வெளி அளவு 20-க்கு 40 என்று வைத்துக்கொள்வோம். 800 சதுர அடி. அந்தத் தம்பிகள் இந்த 800-ஐத்தான் பெருக்கினார்கள். ஆனால் கூரை சாய்ந்து கிடக்கிறது, இறவாரம் சுவரைத் தாண்டி நீள்கிறது. சுவரிலிருந்து நடு முகடு வரை 10 அடிக்கு ஐந்தே முக்கால் அடி ஏறினால் சாய்வு 30 டிகிரி. இரண்டு பக்கமும் இறவாரத்துக்கு 2 அடி, முன்னும் பின்னும் ஒவ்வோர் அடி சேர்த்தால் கூரையின் பரப்பு கிட்டத்தட்ட 1,160 சதுர அடி. சீமை ஓடு (மங்களூர் ஓடு) 100 சதுர அடிக்குச் சுமார் 140 பிடிக்கும். 1,120 ஓடு என்று எழுதிய இடத்தில் 1,620 வாங்க வேண்டிவரும். உடைசல், முகட்டு ஓடு, கூலி எல்லாம் அதற்கு மேல்.

முகட்டு உயரத்தை அளந்தாலே இந்தத் தவறு போய்விடும். அடுத்தது அப்படிப் போகாது.

கீழே நின்று மரத்துக்கு விலை சொல்வது

2004-ல் வீரவநல்லூரில் ஓர் ஆச்சி வீடு. தனியாக இருந்தார். நான் அப்போதுதான் சொந்தமாக வேலை எடுக்கத் தொடங்கியிருந்தேன். கூரையைத் தாங்கிச் சாய்வாக நிற்கும் கைமரம் எல்லாம் பனங்கை, அதாவது பனை மரச் சட்டம். கீழே இருந்து பார்த்தால் கருகருவென்று, தட்டினால் கல் மாதிரி. மரம் இன்னும் ஐம்பது வருஷம் நிற்கும் ஆச்சி, ஓடும் அது உட்காரும் ரீப்பர் சட்டமும் மட்டும் மாற்றினால் போதும் என்று சொல்லி 70,000 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்தேன். ஆச்சி சீட்டுப் பணத்தை எடுத்துக் கையில் தந்தார்.

ஓட்டை இறக்கிய மறுநாள் ஆசாரி என்னை மேலே கூப்பிட்டார். சுவரின் மேல் கைமரம் உட்கார்கிற இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். கைப்பிடி வரை உள்ளே போனது. வெளியே இழுத்தால் ஈர மண்ணும் மரத்தூளும். பனையில் வெளிச்சுற்றுதான் வைரம் பாய்ந்த கெட்டி மரம், உள்ளே மெத்தென்ற சோறு. செல், அதாவது கரையான், அந்தச் சோற்றைத் தின்றுவிட்டு வெளிச்சுற்றை அப்படியே விட்டுவைக்கும். தரையிலிருந்து சுவரின் உள்மண் வழியாக ஏறி, மரம் சுவரைத் தொடுகிற இடத்தில் நுழையும். இறவார ஓடு உடைந்து அங்கே ஈரமும் இறங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். கீழே நிற்கிற நமக்குத் தெரிவது மரத்தின் நடுப்பகுதி. அது எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

42 கைமரத்தில் 28 போயிருந்தது. கைமரங்களைத் தாங்கிச் சுவர்த்தலையில் கிடந்த வளை என்ற நீள மரம் முழுக்கப் போயிருந்தது. வளையை எடுத்ததும் சுவரின் மேல் ஓரடி உதிர்ந்தது, அதையும் கட்ட வேண்டியதாயிற்று. கணக்கு 1,28,000-ல் போய் நின்றது. அதற்குள் ஐப்பசி பிறந்துவிட்டது. வீட்டின் மேல் தார்ப்பாய், பட்டாசல் முழுக்கப் பாத்திரம்.

ஆச்சி என்னைத் திட்டவில்லை. "எய்யா, மரமும் போச்சுன்னு மொதல்லயே சொல்லியிருந்தா, இந்த வருசம் ஒழுகுற எடத்த மட்டும் பாத்துருப்பனே" என்றார். அப்புறம் உள்ளே போய் வளையலைக் கழற்றிக் கொண்டுவந்தார். அது அடகுக் கடைக்குப் போனது.

கூலியில் என் பங்கை நான் விட்டுக்கொடுத்தேன். ஆனாலும் ஆச்சியின் அந்தச் சொல் மனதை விட்டுப் போகவில்லை. ஓடு தலைமேல் இருக்கும்வரை வீட்டுக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருக்கிறது. ஓட்டை இறக்கிவிட்டால் நாம் கேட்பதைக் கொடுத்தே ஆக வேண்டும். தெரிந்தே குறைத்துச் சொல்லி, பிரித்த பிறகு ஏற்றுகிறவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். தெரியாமல் செய்தாலும் வீட்டுக்காரருக்கு வலி ஒன்றுதான். இன்றைக்கும் யாராவது தார்சாவில் நின்றுகொண்டு "மரம் நல்லாருக்கு" என்று சொன்னால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

சரி, என்ன செய்ய வேண்டும்? ஏணி போட்டு, இறவாரத்தில் நான்கு இடத்தில் இரண்டு மூன்று வரிசை ஓட்டைப் பிரியுங்கள். மழை அடிக்கிற பக்கம் ஒன்று. முற்றத்தைச் சுற்றிச் சாய்வுகள் சேர்கிற மூலையில், தகர வாய்க்காலுக்குக் கீழே, கட்டாயம் ஒன்று. குளிக்கிற இடத்தை ஒட்டி ஒன்று. நான்காவது, ஓடு எங்கே தாழ்ந்து தெரிகிறதோ அங்கே. மரம் சுவரில் உட்காரும் நுனியைக் கூரான கம்பியால் குத்திப் பாருங்கள். அடுப்படிக்கு மேலே மட்டும் பார்த்துவிட்டு இறங்காதீர்கள். விறகுப் புகை ஏறிய மரத்தைப் பூச்சி அவ்வளவாகத் தொடாது, நான் பார்த்தவரை பல வீடுகளில் அந்த மரம்தான் தேறும். ஒரு மணி நேரத்தில் ஓட்டைத் திரும்ப வைத்துவிடலாம்.

நான்கு இடம் பார்த்தாலும் எல்லாம் தெரிந்துவிடாது. அதனால் எஸ்டிமேட்டை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். ஓடு, ரீப்பர், கூலி ஒரு பக்கம், இது உறுதியான தொகை. மரம் இன்னொரு பக்கம். கைமரம் ஒன்றுக்கு இவ்வளவு, வளை கன அடிக்கு இவ்வளவு என்று விலையை முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். 4-க்கு 3 அங்குலம், 14 அடி நீளம் என்றால் 4-ஐயும் 3-ஐயும் 14-ஐயும் பெருக்கி 144-ஆல் வகுக்க 1.17 கன அடி வரும். பத்து மரம் போயிருந்தால் எவ்வளவு, முப்பது போயிருந்தால் எவ்வளவு என்று இரண்டு தொகையையும் காட்டுங்கள். பெரிய தொகையைத் தாங்க முடியுமா என்று வீட்டுக்காரர் யோசிக்கட்டும். பிரித்த பிறகு, கழிக்கிற ஒவ்வொரு மரத்திலும் அவர் கண் முன்னால் சாக்பீஸால் குறி போடுங்கள்.

இன்னொன்று. போன பனங்கைக்குப் பதில் பனங்கை என்று எழுதாதீர்கள். பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது. இடித்த வீட்டுப் பனங்கை கிடைத்தால் உண்டு. இல்லையென்றால் வேறு மரம் அல்லது ஜி.ஐ. இரும்பு பைப். அந்த விலையைப் போடுங்கள்.

பழைய ஓட்டோடு புது ஓட்டைக் கலப்பது

பாதி ஓடு நன்றாக இருக்கிறது, மீதியைப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுவது இயல்பு. பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பினர் 1865-ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதற்குப் பிறகு எத்தனையோ தொழிற்சாலைகள் வந்தன. ஒவ்வொன்றின் அச்சும் கொஞ்சம் வேறு. பள்ளமும் மேடும் ஒன்றுக்குள் ஒன்று உட்காராவிட்டால் இடுக்கு வழியாகத் தண்ணீர் வரும். பழைய ஓடு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் புது ஓட்டோடு பூட்டிப் பாருங்கள். சேரவில்லையென்றால் பழையது முழுக்க ஒரு சாய்வுக்கு, புதியது முழுக்க மறு சாய்வுக்கு. தட்டினால் கணீரென்று கேட்கிறதை மட்டும் எண்ணுங்கள்.

பழைய மரம் யாருக்கு?

வீட்டுக்காரருக்கு. எழுதிவிடுங்கள்.

"அப்படியே கான்கிரீட் போட்ருவோமே"

தொகையைக் கேட்டதும் பாதிப் பேர் இதைச் சொல்வார்கள். 5 அங்குல கான்கிரீட் சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் கனக்கும். ஓடு சுமார் 40 கிலோ. மண்சாந்தில் கட்டிய சுவர் இதைத் தாங்குமா என்று பார்க்காமல் அந்த எஸ்டிமேட்டைக் கையில் எடுக்காதீர்கள். தூணும் அஸ்திவாரமும் சேர்ந்தால் அது கூரைக் கணக்கே அல்ல.

பக்கத்து வீடு

பொதுச்சுவர் என்றால், அவர்கள் ஓட்டில் உடைவதும் உங்கள் செலவு.

மாதம்

ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டை இறக்க வேண்டாம். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஆனி, ஆடியிலும் சாரல் விடாது.

அந்தத் தம்பிகளை அன்றைக்கே மேலே ஏற்றினேன். நான்கில் இரண்டு இடத்தில் கம்பி இறங்கியது. புதுத்தாளில் இரண்டு தொகை எழுதிக் கொடுத்தார்கள். மாமா அதை மடித்து வைத்துக்கொண்டு, அறுப்புக் காசு வரட்டும், தை பிறந்ததும் ஆரம்பிப்போம் என்று சொல்லியிருக்கிறார்.