லினன் துணியில கிரேக்க கவசம்: வெட்டிட்டு அப்புறம் ஒட்டுங்க

கவசம்னாலே இரும்புதான் ஞாபகம் வரும், ஆனா பழைய கிரேக்கர்கள் லினன் துணியிலயே மார்புக்கவசம் போட்டிருக்காங்க, லினோதோராக்ஸ்னு பேரு, இத்தாலியில பொம்பெய்ங்கிற (Pompeii) பழைய ரோமானிய நகரத்துல கிடைச்ச மொசைக் ஓவியத்துல அலெக்சாண்டர் மாட்டிருக்கிறதும் இந்த வகைதான்னு பலரும் சொல்றாங்க. அடுக்கடுக்கா ஒட்டினாங்களா, தைச்சாங்களான்னு ஆராய்ச்சியாளர்களுக்குள்ள இன்னும் விவாதம் ஓடுது. வீட்டுல செய்ய ஒட்டுற முறைதான் சுலபம்.

முதல்ல அட்டையில பேட்டர்ன் வெட்டுங்க. உடம்பைச் சுத்தி வர்ற ஒரு நீளத் துண்டு, அதுல அக்குளுக்கு ரெண்டு வளைவு, அப்புறம் முதுகுல இருந்து தோள் மேல மடங்கி முன்னாடி வர்ற யூ வடிவத் துண்டு. அட்டையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க, குனிங்க, கையைத் தூக்குங்க, எங்க குத்துதோ அங்க இப்பவே குறைச்சிடுங்க. நீளம் இடுப்போட நிக்கட்டும், இல்லன்னா உட்காரும்போது மொத்தமும் கழுத்துக்கு ஏறிடும்.

இனிமேதான் முக்கியம். ஒவ்வொரு லேயரையும் தனித்தனியா வெட்டிட்டுதான் ஒட்டணும். அமெரிக்காவுல விஸ்கான்சின் கிரீன் பே பல்கலைக்கழகத்துல இந்தக் கவசத்தைத் திரும்ப செஞ்சு பாத்த வரலாற்று ஆய்வாளர் கிரெகரி ஆல்ட்ரீட் குழு 15 அடுக்கை ஒரே பலகையா ஒட்டிட்டு வெட்டப் போனாங்க, பெரிய கத்தரிக்கோல்கூட இறங்கல, கடைசில உலோகம் அறுக்கிற பிளேடு மாட்டின மின்சார ரம்பம்தான் கைகொடுத்துச்சு. அவ்ளோ கெட்டி ஆயிடும்.

துணியை வெந்நீர்ல அலசி, காயவச்சு, இஸ்திரி போட்டுட்டு வெட்டுங்க, அப்பதான் அப்புறம் சுருங்காது. பசைக்கு முயல்தோல் பசை பழைய முறைக்குப் பக்கத்துல வரும், ஆனா தண்ணி பட்டா இளகிடும். முதல் தடவை செய்றவங்களுக்கு சாதா வெள்ளைப் பசையே போதும்னு நான் சொல்வேன். பிரஷ்ல மெல்லிசா தடவி, துணியை வச்சு, நடுவுல இருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால அழுத்தித் தேய்ங்க, காத்துக்குமிழி ஒண்ணு நின்னாலும் அந்த இடம் பின்னாடி உரிஞ்சு வரும். ரெண்டு மூணு லேயருக்கு ஒருதடவை நல்லா காயவிடுங்க, அவசரப்பட்டா உள்ள ஈரம் தங்கி பூஞ்சை பிடிக்கும். நாடகத்துக்கோ காஸ்ட்யூமுக்கோன்னா 8, 10 லேயர் தாராளம். கடைசி லேயர் பாதி காஞ்சு இன்னும் வளையுற பதத்துல இருக்கும்போதே உருண்டையான எதையாவது சுத்திக் கட்டி அப்படியே காயவிட்டா உடம்பு வளைவு வந்துரும்.

இதைப் போட்டுக்கிட்டு கத்தி, அம்பு எதையும் சோதிச்சுப் பாக்கவே கூடாது. சோதிக்கணும்னா மிச்சத் துணியில தனியா ஒரு துண்டு ஒட்டி மரத்துல மாட்டிப் பாருங்க.

முழுசா காஞ்சதும் ஓரத்துக்கு தோல்பட்டை வச்சுத் தைங்க, வெளிப்பக்கம் தேன்மெழுகை உருக்கித் தேய்ச்சா ஈரம் ஏறாது, இடதுபக்கம் ஓட்டை போட்டு கயிறு கோத்துக் கட்டிக்கலாம். போட்ட கொஞ்ச நேரத்துல உடம்புச் சூட்டுக்கு லேசா இளகி உடம்போட ஒட்டி உட்காரும், அதனால கயிறை முதல்லயே இறுக்கிடாதீங்க.