கொட்டகையில் ஒரு கோப்ரா: வீட்டில் ரெப்ளிகா கார் கட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் கட்டப்படும் ரெப்ளிகா, அதாவது பழைய காரின் நகலான, ஸ்போர்ட்ஸ் கார்களில் மூன்று முகங்கள்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். லோட்டஸ் செவன், ஏசி கோப்ரா, போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டர். லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் 1957-ல் கொண்டுவந்த செவன், வாங்குபவரே பூட்டிக்கொள்ளும் உதிரிகளாகவும் விற்கப்பட்ட கார். 356-ன் நகல்கள் பெரும்பாலும் பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் அடித்தளத்தில் உட்காரும். கோப்ராவுக்கு அந்த உருண்ட தோள் போதும், ஃபைபரில் வார்த்துவிடலாம்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் இப்படி ஒரு ஆசை பிடித்தவர்கள் இருக்கிறார்கள். வெல்டிங் பட்டறைக்கும் லேத்துக்கும் பஞ்சமில்லாத ஊர்கள். சேதராப்பட்டிலோ தட்டாஞ்சாவடியிலோ தேவையான பிராக்கெட்டை ஒரே நாளில் கடைந்து வாங்கிவிடலாம். ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ரெப்ளிகா என்பது வெளியே பழைய கார், அடியில் இதுவரை யாரும் ஓட்டிப் பார்க்காத புதுக் கார். அசல் காரின் மேனுவல் அதற்குப் பொருந்தாது, இன்ஜின் கொடுத்த காரின் மேனுவலும் பொருந்தாது. நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இந்த மறதியில் தொடங்கியவைதான்.

“பாண்டியில பதிவு போட்டுக்கலாம்”

முதல் தவறு ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. புதுச்சேரியில் சாலை வரி குறைவு என்பதால் வெளியூர்க்காரர்கள் பலர் இங்கே காரைப் பதிவு செய்த கதை எல்லோருக்கும் தெரியும். அதை வைத்து, கையால் கட்டிய காருக்கும் பி.ஒய். 01 எண் எளிதாகக் கிடைத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை ஓடுகிறது. கிடைக்காது. வரி விகிதம்தான் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். புது வாகனம் சாலைக்கு வரத் தேவையான வகை ஒப்புதல் (வண்டியைச் சோதித்துத் தரும் அனுமதி) மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது, அது கடலூரின் டி.என். 31-க்கும் பி.ஒய். 01-க்கும் ஒன்றுதான்.

அடுத்த யோசனை, “பழைய பிரீமியர் பத்மினியோட ஆர்.சி. இருக்கே, அதுலயே ஓட்டிக்கலாம்.” 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அங்கே குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்திலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வின்டேஜ் விதி காப்பாற்றுமா? 2021-ல் வந்த அந்த விதி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, அடிப்படையில் மாற்றப்படாத வண்டிகளுக்கு. போன வருஷம் வெல்டு செய்த சேஸிஸ் அதில் சேராது.

சரி, அப்படியானால் கட்டவே கூடாதா? கட்டலாம். சொந்த இடத்திலும் பந்தயத் தடத்திலும் ஓட்டுவதற்கு என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு கட்டுங்கள். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை தடம் இருக்கிறது, கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. முன்கூட்டிக் கேட்டு, லாரியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். இந்த முடிவு காரின் வடிவத்தையே மாற்றும். சாலையில் ஓடாத காருக்கு வைப்பர், ஹீட்டர் என்று எடை கூட்ட வேண்டாம், அந்தக் காசை ரோல் பாருக்கும் (கவிழ்ந்தால் தலையைக் காக்கும் கம்பி வளைவு) தீயணைப்பானுக்கும் போடலாம்.

பாடியை முதலில் வாங்குவது

பளபளப்பான ஃபைபர் பாடி கொட்டகைக்கு வந்துவிட்டால் பாதி கார் முடிந்ததுபோல ஒரு நிம்மதி வரும். அது பொய் நிம்மதி. கோப்ராவின் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு நடுவே உள்ள தூரம்) 90 அங்குலம், அதாவது 2,286 மில்லிமீட்டர். பத்மினியினுடையது 2,340, மாருதி 800-இன் வீல்பேஸ் 2,175. எதுவும் தானாகப் பொருந்தாது. பத்மினியின் அடிப்பாகத்தை அப்படியே போட்டால் சக்கரம் வளைவின் நடுவில் நிற்காமல் ஐந்து சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். அந்தக் கோணலைப் பெயிண்ட் மறைக்காது.

இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் மூன்றும் கையில் வந்த பிறகு பாடியைத் தேடுங்கள். இன்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்து பின்சக்கரத்தை ஓட்டும் வண்டிகள் இந்த வேலைக்குத் தோது: ஜிப்ஸி, கான்டெஸ்ஸா, பத்மினி. மாருதி 800 போன்ற முன்சக்கர ஓட்ட வண்டியின் இன்ஜின் வேண்டுமென்றால் அதை நடுவில், ஓட்டுநருக்குப் பின்னால் வைக்கிற வடிவத்துக்குப் போக வேண்டும். அப்போது சக்கரத்தைத் தாங்கும் முன்பக்க நக்கிள்கள் பின்னால் வரும், சக்கரத்தைத் திருப்பும் டை ராடை, ஸ்டீயரிங் இருந்த இடத்தில் சேஸிஸோடு பூட்ட வேண்டும். அந்தப் பூட்டு தப்பான உயரத்தில் அமைந்தால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பின்சக்கரம் தானே திரும்பும். பயங்கரமான சமாச்சாரம்.

சென்னை புதுப்பேட்டைக்குப் போய் பாகம் பாகமாகப் பொறுக்குவதைவிட, ஓடுகிற ஒரு முழு வண்டியை வாங்கிப் பிரிப்பது நல்லது. போல்ட், கேபிள், பிராக்கெட் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வரும். பிரிப்பதற்கு முன் ஓட்டிப் பார்த்து எது கெட்டிருக்கிறது என்றும் தெரிந்துகொள்ளலாம்.

வெல்டிங்

சேஸிஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நல்ல வெல்டருக்கு இதெல்லாம் தெரியும். 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 1.6 மில்லிமீட்டர் கனம், இதுதான் செவன் வகை சேஸிஸுக்கு வழக்கம். முழுச் சட்டத்தையும் மட்டமான மேசையில் டேக் (சின்னப் புள்ளி வெல்டு) அடித்து நிறுத்தி, மூலைவிட்டங்களை அளந்த பிறகே முழு வெல்டு. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் சட்டம் சூட்டில் இழுத்துக்கொண்டு முறுக்கும். கையில் இருக்கிறதே என்று துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயை வெல்டு செய்யாதீர்கள். துத்தநாகப் புகை அன்றிரவே காய்ச்சலில் படுக்க வைக்கும்.

இன்னொன்று, நம் கடற்கரைக்கே உரியது. இரும்புக் குழாயில் அலுமினியத் தகட்டை நேராக வைத்து ரிவெட் அடித்தால் இரண்டும் தொடும் இடத்தில் உப்புக் காற்று அலுமினியத்தை மாவாக்கிவிடும். குழாய்க்கு எபாக்ஸி பிரைமர், நடுவில் சீலன்ட், அப்புறம்தான் ரிவெட். குழாய்களின் திறந்த வாய்களையும் அடைத்துவிடுங்கள்.

படகு ஃபைபரும் கார் ஃபைபரும்

2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுவதும் ஃபைபர் படகுகள் பெருகின. தேவனாம்பட்டினம், கடலூர் துறைமுகம், வீராம்பட்டினம் பக்கம் மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) ரெசினும் கையாளத் தெரிந்தவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. இது பெரிய வரம். ஆனால் படகுக்குச் செய்கிற மாதிரியே காருக்கும் செய்யச் சொல்லிவிட்டு வந்துவிடக்கூடாது.

படகுக்கு வேண்டியது தடிமனும் பலமும். ரோவிங்கை (தடித்த கண்ணாடி இழையில் நெய்த துணி) அடுக்கி ரெசினை ஊற்றினால் அலையைத் தாங்கும். கார் பாடியில் அந்த நெசவு பெயிண்டுக்கு அடியிலிருந்து மெல்லக் கிளம்பி வெளியே தெரியும். பாலியெஸ்டர் ரெசின் இறுகிய பின்னும் கொஞ்ச காலம் சுருங்கிக்கொண்டேதான் இருக்கும். வெயிலில் கரு நீலப் பெயிண்ட் சூடேறும்போது அது இன்னும் வேகமாக நடக்கும். எனவே அச்சில் முதலில் பூசும் ஜெல்கோட்டுக்கு அடுத்து மெல்லிய கண்ணாடி இழை டிஷ்யூ, பிறகு நுண்ணிய மேட், ரோவிங் வேண்டுமென்றால் கடைசியாக உள்பக்கம். அச்சிலிருந்து அவசரமாகப் பிடுங்க வேண்டாம். பிடுங்கிய பாடியை சேஸிஸ் மேலேயே உட்கார வைத்துச் சில வாரம் காயவிட்டுப் பெயிண்டரைக் கூப்பிடுங்கள். தரையில் கிடந்தால் கதவு இடைவெளி கோணிக்கொள்ளும்.

காலநிலையும் சேர்ந்து விளையாடும். மே மாத மதியத்தில், ஜனவரிக் காலையில் போட்ட அதே அளவு கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) போட்டால் ரெசின் டப்பாவிலேயே கொதித்து வெடித்த மண்போல் ஆகிவிடும். வழக்கமான அளவு ஒன்று முதல் இரண்டு சதவீதம், கோடையில் கீழ்ப்பக்கம் நில்லுங்கள். ஐப்பசி கார்த்திகையில் மேட் காற்றின் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும், அதன்மேல் ரெசின் ஒழுங்காகப் பிடிக்காது. மழை நாளில் மேட்டை அடுக்கி ரெசின் போடும் வேலை வேண்டாம்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம்: ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக்கூடாது. வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வைக்கு ஆபத்து, பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

ஃபைபர் கைவந்த பிறகு பெட்ரோல் டேங்கையும் அதிலேயே செய்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய வகை பாலியெஸ்டர் ரெசினை மென்மையாக்கிக் கரைத்து, பிசினாக இன்ஜினுக்குள் கொண்டுபோகும். அலுமினியத்தில் செய்து வாங்குங்கள், பழைய ரப்பர் குழாய்களையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

ஃபைபர் பாடிக்கு எர்த் கிடையாது என்பதும் பலருக்கு விளக்கு மங்கலாக எரியும்போதுதான் உறைக்கும். இரும்பு காரில் பாடியே எர்த். இங்கே ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் ஓட வேண்டும். இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே தடித்த பட்டை இல்லையென்றால் ஸ்டார்ட்டர் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாக வழி தேடிக்கொள்ளும். கேபிள் பழுத்துச் சிக்கும்.

பிரேக்

ஏ.சி. மெக்கானிக்கிடம் இருக்கும் செம்புக் குழாயைப் பிரேக்குக்குப் போடுவது இங்கே சகஜமாக நடக்கிறது. அதிர்வில் செம்பு இறுகி விரிசல் விடும். ஸ்டீல் அல்லது செம்பு-நிக்கல் கலவைக் குழாய்தான் போட வேண்டும், வாயில் இரட்டை ஃப்ளேர் (விளிம்பை விரித்து இரண்டாக மடித்த வாய்). இன்ஜின் கொடுத்த காரின் பிரேக் அந்தக் காரின் எடைப் பங்கீட்டுக்காக அளவெடுத்தது என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் காரில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழலும். முன்சக்கரம்தான் முதலில் பூட்ட வேண்டும். அதைக் காலியான தடத்தில், குறைந்த வேகத்தில் சோதித்துவிட்டுத்தான் மற்ற எதையும் தொடலாம்.

ட்யூனிங்

கார் ஓடத் தொடங்கியதும் எல்லோரும் போய் நிற்கிற இடம் கார்புரேட்டர். சத்தம் அங்கேதானே வருகிறது. ஆனால் வரிசை கீழிருந்து மேலே: டயர் காற்று, உயரம், எடை, சக்கரக் கோணங்கள், பிறகு வால்வு இடைவெளி, இக்னிஷன் டைமிங், கடைசியாகக் கார்புரேட்டர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி நோட்டில் எழுதுங்கள். ஸ்பிரிங்கையும் டோவையும் (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருக்கும் அளவு) ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

செவன் மாதிரி 600 கிலோ காருக்கு 32 பி.எஸ்.ஐ. காற்று அடிப்பது தவறு. 20 அளவில் தொடங்கிப் பாருங்கள், வண்டி குதிப்பது பாதி குறையும். மீதிக் குதிப்புக்குக் காரணம் கனமான காரிலிருந்து எடுத்த ஸ்பிரிங்காக இருக்கும்.

மூலை எடை (ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் விழும் எடை) பார்க்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மீன் ஏலக் கூடத்தில் வைத்திருக்கும் எலக்ட்ரானிக் தராசு நான்கு, ஒரே உயரம், மட்டமான தரை. ஓட்டுநர் இருக்கையில் அவர் எடைக்கு அரிசி மூட்டையை வையுங்கள். இதைச் செய்யாமல் எடுத்த அளவு வீண். முன் இடதும் பின் வலதும் கூட்டினால் மொத்த எடையில் பாதி வர வேண்டும். வராவிட்டால் ஸ்பிரிங் இருக்கையைத் திருகிச் சரிசெய்யலாம். டோ அளக்க இரண்டு பக்கமும் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டினால் போதும், ஸ்கேலால் மில்லிமீட்டர் வரை படிக்கலாம். ஸ்டீயரிங் திரும்பி வராமல் சோம்பலாக இருந்தால் காஸ்டர் (பக்கவாட்டில் பார்க்கையில் ஸ்டீயரிங் அச்சு பின்னால் சாயும் கோணம்) குறைவு. கனமான முன்பக்கத்துக்காக வைத்த கோணம் இலேசான காருக்குப் போதாது, ஐந்து டிகிரி பக்கம் ஏற்றிப் பாருங்கள்.

கார்புரேட்டரில் நடக்கும் பெரிய தவறு அளவு. 1,300 சி.சி. இன்ஜினுக்கு இரட்டை வெபர் 45 (45 மில்லிமீட்டர் வாய் உள்ள கார்புரேட்டர்) பார்க்க அழகு, கீழ் வேகத்தில் இருமும். 40 போதும், பல சமயம் அதுவே அதிகம். வெள்ளைக்காரர்கள் பழைய பெட்ரோலுக்கு எழுதிவைத்த ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளை) அட்டவணையை அப்படியே போடுவது அடுத்தது. எத்தனால் தன் ஆக்சிஜனையும் சேர்த்துக்கொண்டு வருவதால் அதே ஜெட்டில் கலவை மெலிந்துவிடும். வெறும் பெட்ரோலுக்கு 14.7 என்ற காற்று-எரிபொருள் விகிதம் 20 சதவீத எத்தனாலில் சுமார் 13.5-க்கு இறங்குகிறது. எனவே கலவையைக் காட்டும் மீட்டரில் விகிதத்தைப் பார்க்காமல் லாம்டாவைப் பாருங்கள் (சரியான கலவைக்கு 1, அதற்குக் கீழே என்றால் பெட்ரோல் அதிகம்), எந்த பெட்ரோலுக்கும் அது ஒன்றுதான். முழு ஆக்சிலரேட்டரில் 0.87 முதல் 0.9 வரை இருக்கட்டும். ஒன்றைத் தாண்டினால் உடனே காலை எடுத்துவிட்டு, ஜெட்டைத் தொடுவதற்கு முன் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் காற்றுக் கசிகிறதா என்று பாருங்கள்.