9.8 வராவிட்டாலும் மதிப்பெண் உண்டு

ஒரு வருடம் தனி ஊசல் சோதனையில் பத்துக் குழுக்களும் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்றே எழுதித் தந்தன. ஒரு நிறுத்துக்கடிகாரத்தின் பொத்தான் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். ஒரு குழு ஊசல் குண்டு கிடைக்காமல் சாவிக்கொத்தைக் கட்டித் தொங்கவிட்டிருந்தது. அவர்களுக்கும் 9.8! பதிவேடுகளை மீண்டும் எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: விடையை முதலில் எழுதி, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அலைவு நேரங்களை (ஊசல் ஒருமுறை போய் வர ஆகும் நேரம்) நிரப்பியிருந்தார்கள்.

அவர்களைத் திட்டுவதற்கு எனக்கு வாய் இல்லை. விடை தெரிந்த சோதனையைக் கொடுத்தவனும், அந்த விடை வந்தால்தான் முழு மதிப்பெண் என்று சொன்னவனும் நான்தான். அதன்பின் செய்முறை வகுப்பை மாற்றிக்கொண்டேன். இப்போது ஒவ்வொரு சோதனையிலும் மாணவர்கள் எங்கும் பார்த்து எழுத முடியாத ஒரு விடை இருக்கும். பென்சிலும் ரப்பரும் ஆய்வகத்துக்குள் வரக் கூடாது. எல்லாம் பேனாவில்தான், தவறினால் ஒரே கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும், அடித்தது படிக்கத் தெரிய வேண்டும். பத்து மதிப்பெண்ணில் இரண்டு முன்கணிப்புக்கு, நான்கு அளவீடுகளுக்கு, நான்கு 'ஏன் இப்படி வந்தது' என்ற விளக்கத்துக்கு. முன்கணிப்பு தப்பாகப் போனாலும் அந்த இரண்டு மதிப்பெண் போகாது.

ஊசலிலிருந்தே தொடங்கலாம். சூத்திரத்தைச் சொல்லாதீர்கள். குழுக்களுக்கு 20, 30, 40, 50, 60 சென்டிமீட்டர் நீளங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் 20 அலைவுகளுக்கான நேரத்தை எடுக்கச் சொல்லுங்கள். ஏன் இருபது? பொத்தானை அழுத்துவதில் கை 0.2 வினாடி அளவுக்குப் பிசகும்; இருபதால் வகுத்தால் அந்தப் பிசகு நூறில் ஒரு வினாடியாகச் சுருங்கிவிடும். ஊசலை 10 டிகிரிக்கு மேல் இழுத்து விட வேண்டாம். 10 டிகிரியில் அலைவு நேரம் 0.2 சதவீதம்தான் கூடும், 60 டிகிரியில் 7 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

சரியாகச் செய்தவர்களுக்கு 0.90, 1.10, 1.27, 1.42, 1.55 வினாடிகளை ஒட்டி வரும். இதை வரைபடத்தாளில் குறித்தால் புள்ளிகள் ஏறக்குறைய நேர்கோட்டில் இருப்பதுபோல் தோன்றும். அங்கேதான் பொறி. "இந்தக் கோட்டை நீட்டி, இரண்டரை மீட்டர் ஊசலுக்கு அலைவு நேரம் எவ்வளவு என்று பேனாவில் எழுதுங்கள்" என்பேன். அளவுகோலை வைத்து நீட்டுவார்கள். பெரும்பாலும் 4.6 பக்கம் ஏதாவது ஒன்றை எழுதுவார்கள். பிறகு எல்லாரையும் மாடிப்படிக்கு அழைத்துப் போவேன். மேல்தளக் கைப்பிடியில் இரண்டரை மீட்டர் நூலில் அரைக் கிலோ மணல்பையைக் கட்டி வைத்திருப்பேன். (முடிச்சை நீங்களே இரண்டு தடவை சரிபாருங்கள், பைக்குக் கீழே யாரும் நிற்க வேண்டாம்.) பை மெதுவாகப் போய் வரும். எல்லாரும் சேர்ந்து எண்ணுவார்கள். 3.2 வினாடிக்குச் சற்றுக் குறைவாக வரும். கடிகாரம் சரியில்லை என்பார்கள், நூல் நீண்டுவிட்டது என்பார்கள், இன்னொரு தடவை எண்ணலாம் என்பார்கள். எண்ணட்டும். மூன்றாவது தடவைக்குப் பிறகு யாராவது ஒருவர் "அது நேர்கோடு இல்லையோ?" என்பார். அந்தக் கேள்வி வரும் வரை நான் வாய் திறப்பதில்லை.

திரும்பி வந்து அலைவு நேரத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரையச் சொன்னால் இப்போது உண்மையிலேயே நேர்கோடு கிடைக்கும். மீட்டருக்கு ஏறத்தாழ 4 வர்க்க வினாடி என்று அதன் சரிவு இருக்கும். அதிலிருந்து முடுக்கத்தைக் கணக்கிடலாம். இங்கே 9.8 வராதவர்களிடம்தான் எனக்கு ஆர்வம். 10.9 என்று வந்தால் அது அநேகமாக எண்ணிக்கைக் கோளாறு: கையை விட்ட நொடியில் 'ஒன்று' என்று தொடங்கியிருப்பார்கள், உண்மையில் நடந்தது 19 அலைவு. நேரம் 5 சதவீதம் குறையும், அது வர்க்கமாகும்போது முடுக்கம் 11 சதவீதம் ஏறிவிடும். 'சுழியம்' என்று தொடங்கச் சொல்லுங்கள். கோடு தொடக்கப்புள்ளியைத் தொடாமல் தள்ளிப் போனால், நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் கொக்கியோடு நிறுத்தியிருப்பார்கள். 10.9 எழுதி, காரணத்தையும் தானே கண்டுபிடித்த குழுவுக்குப் பத்துக்குப் பத்து. 9.8 எழுதிவிட்டுக் கேள்விக்கு விழிக்கும் குழுவுக்கு ஆறுதான்.

வேதியியலில் எனக்குப் பிடித்தது மறையும் சிலுவை. தாளில் கறுப்பு மையால் ஒரு பெருக்கல் குறி, அதன்மேல் முகவை (பீக்கர்), முகவையில் சோடியம் தயோசல்பேட் கரைசல். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றியதும் கடிகாரத்தை அழுத்த வேண்டும். முதலில் சில நொடிகள் எதுவுமே நடக்காது. பையன்கள் அமிலம் கெட்டுவிட்டதா என்று என்னைப் பார்ப்பார்கள். அப்புறம் கரைசலில் லேசான நீலச் சாயல் படரும். அது நுண்ணிய கந்தகத் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பது. பிறகு வெண்மை, பிறகு வெளிர் மஞ்சள், குறி கரைந்து காணாமல் போகும்.

லிட்டருக்கு 40 கிராம் வீதம் தயோசல்பேட் படிகத்தைக் கரைத்து வையுங்கள். அதிலிருந்து 50, 40, 30, 20, 10 மில்லி எடுத்து, குறையும் இடத்துக்குத் தண்ணீர் சேர்த்து ஒவ்வொன்றையும் 50 மில்லி ஆக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 2 மோலார் அமிலம் 5 மில்லி. செறிவு பாதியானால் நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், ஆகவே நேரத்தின் தலைகீழியைச் செறிவுக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு. முந்தின நாளே ஒரு தடவை செய்து பார்த்து, மெதுவான கலவைக்கு எவ்வளவு நேரமாகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பாதியில் மணி அடித்தால் வகுப்பே வீண்.

முகவை கடைசிவரை ஒன்றே இருக்கட்டும். அகலம் மாறினால் ஆழம் மாறும், ஆழம் மாறினால் நேரமும் மாறும். குறியைப் பார்க்கும் கண்ணும் ஒருவருடையதாகவே இருக்கட்டும். ஒரே முகவையை இரண்டு பேர் பார்த்து மூன்று வினாடி வித்தியாசத்தில் 'மறைந்துவிட்டது' என்று சண்டை போடுவதைத் தடுக்காதீர்கள், அளவீட்டுப் பிழை என்றால் என்னவென்று அதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடிந்ததில்லை.

கந்தக டை ஆக்சைடு வெளிவரும். சன்னல்களைத் திறந்து வையுங்கள், முகவைக்குமேல் மூக்கை நீட்ட விடாதீர்கள், ஆஸ்துமா உள்ளவர்களைச் சன்னலோரம் தள்ளி உட்கார்த்திக் கடிகாரத்தைக் கொடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். முடிந்த கலவையை உடனே சோடியம் கார்பனேட் கரைசல் உள்ள வாளியில் கொட்டினால் வினை நின்றுவிடும். சூடாக்கிச் செய்யும் பகுதியை நான் செய்வதில்லை; வாயு அதிகமாகக் கிளம்பும்.

முக்கியமான பகுதி இனிமேல்தான். ஒவ்வொரு குழுவுக்கும் பெயரில்லாத புட்டியில் ஒரு தயோசல்பேட் கரைசல். தாங்கள் வரைந்த கோட்டைக் கொண்டே அதன் செறிவைச் சொல்ல வேண்டும். விடை என் சட்டைப்பையில் ஒட்டிய உறைக்குள் இருக்கும். பின்னோக்கிக் கணக்குப் போட வழியே இல்லை.

நேரம் குறைவாக இருக்கும் நாட்களுக்கு இரண்டு சின்னவை. ஒன்று, மெல்லிய காகிதக் கிண்ணங்கள்: ஒன்றை 1 மீட்டர் உயரத்திலிருந்தும், நான்கை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி 2 மீட்டர் உயரத்திலிருந்தும் ஒரே நேரத்தில் விடுங்கள். ஏறத்தாழ ஒன்றாகத் தரையைத் தொடும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் நான்கு மடங்கு எடைக்கு இரண்டு மடங்கு வேகம். இன்னொன்று, ஒரே மாதிரியான இரண்டு சிறு பல்புகளைத் தொடராக இணைத்து, எது பிரகாசம் என்று கேட்பது. முதல் பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடும் என்று நம்புகிறவர்கள் எத்தனை பேர் என்று அன்று தெரிந்துவிடும்.

மக்னீசியம் நாடாவை மூசையில் (சூடுதாங்கும் சிறு கிண்ணம்) எரித்து எடை கூடுவதைக் காட்டும் சோதனையை நான் நெடுநாள் ஒதுக்கி வைத்திருந்தேன். 0.24 கிராம் 0.40 ஆக வேண்டும். மூடியைத் திறந்ததும் வெண்புகையாகப் பாதி பறந்துவிடும், சிலருக்கு எடை குறைந்தேகூடப் போகும். இப்போது அதனாலேயே செய்கிறேன். காணாமல் போன எடை எங்கே என்பதுதான் கேள்வி. ஆனால் சுடரை நேராகப் பார்க்க விடாதீர்கள்.

பெயரில்லாத புட்டிக்கு வருகிறேன். ஒரு தடவை என் உறைக்குள் '20 கிராம்' என்று எழுதியிருந்தேன். குழுக்கள் 30, 31, 32, 33 என்று சொல்லிக்கொண்டே போயின. முகவையைச் சரியாகக் கழுவவில்லை, மறுபடி செய்யுங்கள் என்றேன். செய்தார்கள், மறுபடியும் 31. பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "சார், நீங்கள் எடுத்த உப்புப் புட்டியைக் காட்டுவீர்களா?" என்று கேட்டாள். கொண்டுவந்து காட்டினேன். அது நான் நினைத்த படிகப் புட்டி இல்லை, 'நீரற்றது' என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தது. படிகத்துக்குள் நீரும் சேர்ந்திருக்கும், அதன் மூலக்கூறு எடை 248; நீரற்ற உப்புக்கு 158. நான் நிறுத்த 20 கிராம் படிகக் கணக்கில் 31.4 கிராம். உறையைப் பிரித்து, 20 என்பதை ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 31.4 என்று பேனாவில் எழுதி அவளிடம் கொடுத்தேன்.